கோரைப்பாய் கட்டிய படகு

படகு முடியாத வரைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

இப்படியொரு மருத்துவக் கோட்பாடு வேறெங்கும் இருப்பதாக நான் படித்ததில்லை. (படிக்காதது என்று பெரிதாக ஒன்றும் பாக்கியில்லை என்பதுதான் அப்போது என்னைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம்.) சேலத்து மருத்துவர் சொன்னது வேறு. என் கணவர் பெருமாளின் நுரையீரல்கள் காய்ந்த பீர்க்கங்கூடு போல இறுகிக்கொண்டே வருகின்றன, அதை நிறுத்த வழியில்லை, கொஞ்சம் மெதுவாக்கலாம் என்றார். நாங்கள் எழுந்து கதவருகே வந்தபோது, எங்கள் முகங்களைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "சும்மா படுக்க விட்டுடாதீங்கம்மா. கையில ஒரு வேலை இருக்கிற வரைக்கும் தெம்பா இருப்பார்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வாக்கியம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி நாகலூர் வந்து சேர்வதற்குள் உருமாறிவிட்டது. உருமாற்றியவர் பாவாயி அண்ணி. என் கணவரின் மூத்த சகோதரி. தன் கணவர் இறந்த பிறகு எங்களோடு இருப்பவர். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் மிளகாய் பஜ்ஜிக் கடை வைத்திருப்பவர். பஜ்ஜி வாங்க வருபவர்களிடமெல்லாம் அவர், "கையில வேலை இருக்கற வரைக்கும் உசுருக்கு ஒண்ணும் இல்லைன்னு பெரிய டாக்டரே சொல்லிப்போட்டாருங்க" என்று அறிவித்தார். பிறகு என் கணவர் கையிலெடுத்த வேலை படகாக அமைந்ததால், கோட்பாடு தன் இறுதி வடிவத்தை அடைந்தது.

மலையில் பிறந்து, மலையிலேயே எஸ்டேட் ரைட்டராக வேலை பார்த்து, வேலைக்கு வந்த ஆட்களின் பெயரை ஏட்டில் எழுதியே வாழ்வைக் கழித்த ஒருவருக்குப் படகு எதற்கு என்று கேட்கலாம். ஊரிலிருந்து வந்த உறவினர்களை ஏற்காடு ஏரிக்கு அழைத்துப் போனபோது, அவரும் ஒரு மிதிபடகில் ஏறி உட்கார்ந்தார். நடு ஏரியில் மூச்சு நின்றுபோகும் போலாயிற்று. வேறொரு படகில் வந்து கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் அதைப் படம் எடுத்தார்கள். மறுநாள் காப்பி குடிக்கையில் அவர் கேட்டார்:

"வசந்தா, மிதிக்காம, துடுப்புப் போடாம, தானாப் போற படகு இருக்குதில்ல?"

"பாய்மரப் படகுங்க" என்றேன். பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

"அது காத்துலதான போகுது?"

"ஆமாங்க."

"அப்பச் சரி. எங்கிட்டக் காத்து இல்ல. வெளிய நொம்பக் கெடக்குது. அதை வேலை வாங்கிக்கலாம்."

வாழ்நாள் முழுக்கப் பிறரை வேலை வாங்கிச் சம்பளம் பெற்றவர், கடைசியாகக் காற்றையும் தன் கீழே வேலைக்குச் சேர்த்துக்கொள்ள நினைத்தார். உடம்பு தாங்குகிற காலத்துக்குள் ஒரே ஒரு தடவை அப்படிப் போய்விட வேண்டும். அவர் விரும்பியது அவ்வளவுதான். நாங்கள் விரும்பியது அவர் போகாமல் இருப்பதை.

எஸ்டேட்டில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களில் சில காற்றில் சாய்ந்து, அறுத்துப் பலகையாகக் கிடந்தன. துரை (இன்றைக்கும் எங்கள் பக்கம் எஸ்டேட் முதலாளிக்கு அதுதான் பெயர், இவர் ஈரோட்டுக்காரர்) எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். காப்பி உலர்த்தும் களத்தை ஒட்டிய கொட்டகையில் வேலை தொடங்கியது. என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியில் வெள்ளைக்காரர்கள் படகு கட்டுவதைப் பார்ப்பார். என் தம்பி குமார் ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து வந்து, அவர் சொல்கிறபடி அறுப்பான். பலகைகளுக்கு நடுவே துணியைத் திணித்துத் தார் பூசினார்கள். நான் ஓர் ஆணியும் அடித்ததில்லை. ஆனால் படகின் எந்த உறுப்புக்கு என்ன பெயர் என்பதில் ஒரு சிறு பிழையையும் நான் அனுமதிக்கவில்லை. காற்றை எதிர்த்தும் பாய்மரப் படகு செல்லக்கூடும் என்பதை விளக்க, சாப்பாட்டு மேசையில் அப்பளத்தை நிறுத்தி ஊதிக் காட்டியிருக்கிறேன். அப்பளம் ரசத்தில் விழுந்தது. அதை ஒரு சகுனமாக எடுத்துக்கொள்ளும் அடக்கம் எனக்கில்லை.

படகு உருவம் பெறத் தொடங்கியதும் வீட்டில் பயம் பிடித்துக்கொண்டது. ஆடி பிறந்தபோது அண்ணி கொட்டகைக்கு வந்து நின்றார்.

"ஆடியில ஆராச்சும் புதுசா ஒண்ணச் செய்வாங்களா சாமி? ஆவணி வரட்டும்."

ஆவணியில் அஷ்டமியும் நவமியும் வழக்கத்தைவிட அடிக்கடி வந்தன. புரட்டாசி ஆகாது. சுத்தியல் கரி உடைப்பதற்காக ஒண்டிக்கடைக்குப் போனது; திரும்பவில்லை. தார் டப்பா பஜ்ஜிக் கடைக் கூரையின் ஓட்டையை அடைக்கப் போனது. குமார் அறுத்த பலகைகள் ஒவ்வொரு வாரமும் ஒரு விரற்கடை குறைவாக இருந்தன. "அளவு தப்பிப் போச்சுங்க மாமா" என்று தலையைச் சொறிவான். நானோ, பாய்மரம் நடுகிற இடத்தைப் பற்றி இன்னும் ஒரு புத்தகம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் மூவரும் கூடிப் பேசிச் செய்ததல்ல இது. பேசியிருந்தால் இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது.

படகு வளரவில்லை. அவர்தான் குறைந்துகொண்டே வந்தார். கொட்டகைக்கு நடந்து போனவர், குமாரின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். அப்புறம் ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது. கையில் தூக்கக்கூடிய சிறிய ஒன்றும், கட்டிலருகே பெரிய ஒன்றும். மூக்கில் குழாயோடு அவர் எங்களைப் பார்க்கிற பார்வை, பஸ்ஸைத் தவறவிட்டவர் பார்வையாக இருந்தது.

அப்படியும் ஐப்பசிக்குள் மற்ற வேலையெல்லாம் எப்படியோ முடிந்து, எஞ்சியது பாய் மட்டும்தான். கெட்டித் துணி எங்கே கிடைக்கும் என்று நான் ஆராய்ந்துகொண்டிருக்கையில், அவர் என்னை நம்பாமல் குமாரைத் தொலைபேசியில் அழைத்து, "மாப்ள, வரும்போது பாய் வாங்கிட்டு வா. பெருசா, நல்லாக் காத்துத் தாங்கற மாதிரி" என்று சொல்லியிருக்கிறார். மூச்சு வாங்குகிறவர் விளக்கமாகப் பேச மாட்டார். ஞாயிறன்று குமார் ஜீப்பிலிருந்து ஒரு கோரைப்பாயை இறக்கினான். கல்யாணப் பாய். இரண்டு ஓரத்திலும் மயில்கள்; நடுவே சிவப்புச் சாயத்தில் 'லதா – ரமேஷ்' என்று நெய்திருந்தது.

"என்னடா இது?" என்றேன்.

"பாய்ங்கக்கா. மாமாதான் கேட்டாரு. கடையில இதுதான் இருக்கறதுலயே பெருசுன்னாங்க."

"லதா யாரு?"

"ஆருக்குத் தெரியும்? அவங்க கல்யாணம் நின்னு போச்சாமா. பாய் நல்லாத்தான் இருக்குது."

நான் சிரிக்கவில்லை. படகின் பாய் வேறு, படுக்கிற பாய் வேறு என்பதை, சொல்லின் வரலாற்றிலிருந்து தொடங்கி அவனுக்கு விளக்க முற்பட்டேன். அண்ணி மட்டும் மலர்ந்த முகத்தோடு, "பாய் தப்பிப்போச்சா? அப்ப இன்னும் ரெண்டு மாசம் ஆகும். மார்கழி வந்துரும். தையில பாத்துக்கலாம்" என்றார்.

அப்போதுதான் என் கணவர் பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்செடுத்துக்கொண்டு பேசினார்.

"படகு முடிஞ்சா நான் போயிருவேன்னு பயப்படறீங்க. முடியாமயே போயிருவேன். அதை ஆராச்சும் நெனச்சுப் பாத்தீங்களா?"

அவர் கோரைப்பாயின் ஒரு நுனியை இழுத்துக் குமாரின் கையில் கொடுத்தார்.

"இந்தப் பாயே போதும். கட்டு மாப்ள."

"கோரைப்பாய் வேண்டாம் சாமி" என்றார் அண்ணி. "பாயில போறதுன்னா வேற அர்த்தம்."

"எல்லாரும் ஒரு நா அதுல போறவங்கதானுங்கக்கா. நான் உக்காந்துட்டுப் போறேன்."

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் படகை எஸ்டேட் குட்டைக்குக் கொண்டுபோனோம். குட்டை என்பது பெயருக்குத்தான். செடிகளுக்குத் தண்ணீர் இறைக்கத் தோண்டியது, நடுவில் ஆழம் யாருக்கும் தெரியாது. எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்து அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ரைட்டரிடம் பல வருஷம் திட்டு வாங்கியவர்களுக்கு, அவரைத் தண்ணீரில் பார்க்கிற ஆவல் இருப்பது நியாயமே. புது வண்டிக்குச் செய்வதெல்லாம் செய்யாமல் அண்ணி விடவில்லை. சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டிய எலுமிச்சம்பழத்தைச் சக்கரமில்லாத வண்டிக்கு எங்கே வைப்பது என்று கரையில் ஒரு விவாதம் நடந்து, கடைசியில் படகின் மூக்கில் கட்டினார்கள். குமார் காற்றடித்து வைத்திருந்த லாரி ட்யூபுக்குப் படகில் இடமில்லை. அது கரையில் நின்றது.

படகில் இருவருக்குத்தான் இடம். நான் ஏறினேன், ஏனென்றால் சிலிண்டர் நனையக் கூடாது, அதை யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். (ஒரு குடையும் எடுத்துப் போனேன். பாய்மரப் படகில் குடையோடு ஏறிய முதல் ஆள் நானாக இருக்கலாம்.) சிலிண்டர் என் மடியில், குழாயின் மறுமுனை அவர் மூக்கில். குமார் தள்ளிவிட்டான்.

படகு நின்றது. இலையசையவில்லை. கரையில் ஒருவர், "மிதிங்க ரைட்டரே!" என்று கத்தினார். சிரிப்பு எழுந்தது. நான் காற்றின் திசையைக் கண்டுபிடிக்க, படித்தபடி, விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தேன். சிரிப்பு அதிகமாயிற்று. என் மானம் முழுதும் அந்த ஒற்றை விரலில் ஏறி நின்றது.

பிறகு மேட்டிலிருந்து ஒரு குளிர்ந்த வீச்சு இறங்கியது. லதாவும் ரமேஷும் ஒரு தடவை உதறிக்கொண்டு புடைத்தார்கள். படகு நகர்ந்தது. நகர்ந்தது என்று சொன்னால் போதாது, போனது. தண்ணீர் பலகையோரம் கலகலவென்று பேசியது. கரைச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அவர் பாயின் கயிற்றைப் பிடித்த இரு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, துரையின் காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்தவர் போல இருந்தார்.

"பாரு வசந்தா" என்றார். "நான் ஒண்ணுமே பண்ணல. ஆரோ மூச்சு உடறாங்க. நான் போறேன்."

அவர் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை.

அந்தக் காற்றின் பின்னாலேயே மஞ்சு, அதாவது மூடுபனி, வந்தது. எங்கள் மலையில் மஞ்சு சொல்லிக்கொண்டு வராது. கரை போயிற்று, ஆட்கள் போனார்கள், படகின் மூக்கிலிருந்த எலுமிச்சம்பழமும் போயிற்று. காற்று நின்றுவிட்டது. கோரை ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கனத்தது. பாய்மரம் எங்கே நட வேண்டும் என்று மாதக்கணக்கில் ஆராய்ந்து நான் தீர்மானித்த அந்த இடத்தில், மரம் படாரென்று ஒடிந்தது. பாதி தண்ணீரில் விழுந்தது. மீதி, பாயோடு, என் தலைமேல்.

கரையிலிருந்து கேட்டவர்களுக்கு ஒரு முறிவு, ஒரு பெரிய சளக், பிறகு அமைதி.

"மாமா! அக்கா!" என்று குமார் கத்தினான்.

அவருக்குக் கத்த மூச்சில்லை. எனக்கு வாய்க்குள் கோரை. பாயிலிருந்து தலையை விடுவித்துப் பதில் கொடுக்க நான் வாயெடுத்த நேரத்தில், கரையில் அண்ணி தொடங்கிவிட்டார்.

மாரமங்கலம் வரைக்கும் சாவு வீடுகளில் அண்ணியைத்தான் ஒப்பாரிக்குக் கூப்பிடுவார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். தாமதிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"காப்பிப் பழம் செவக்கும் முன்னே – என் பொறப்பே
கண்ணு மூடிப் போனாயே
பேரெழுதும் கையி ரெண்டும் – என் பொறப்பே
பேச்சில்லாமப் போனதென்ன..."

லயன் பெண்கள் கூடச் சேர்ந்து அழுதார்கள். நான் பதறி எழப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"செத்த இரு" என்றார் மெதுவாக. "கேக்கலாம்."

"ஏனுங்க, பாவம்ங்க அவங்க..."

"பழம் செவந்து ஒரு வாரமாச்சு" என்றார் அவர். "மொதப் பறிப்பே நடக்குது. தப்பாப் பாடறா."

"கடிஞ்சு ஒரு சொல்லு சொல்லிக் – என் பொறப்பே
கண்டவங்க ஆருமுண்டா..."

"பொய். அந்தக் கரையில நிக்கறதுல பாதிப் பேரத் திட்டியிருக்கேன்."

படகினடியில் தார் பூசாத ஏதோ ஓர் இடத்திலிருந்து (ஒண்டிக்கடைக் கூரையில் இருந்தது அதற்குரிய தார்) தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கணுக்கால் நனைந்தது. நான் சிலிண்டரைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். மஞ்சுக்குள்ளிருந்து அண்ணியின் குரல் உச்சத்துக்குப் போயிற்று.

"படிச்ச மகராசி வந்து – என் பொறப்பே
பாயில வெச்சுப் போனாளே
பொஸ்தகத்தப் பாத்துப் பாத்து – உன்னப்
பொதகுழிக்கு அனுப்புனாளே..."

"ஆமாமா" என்று கரை முழுவதும் ஆமோதித்தது.

உடன் இறந்துபோனதாகக் கருதப்படும் ஒருத்தியைப் பற்றி இப்படிப் பாடலாமா என்று நான் கேட்டேன். அவ்வளவுதான். அவர் சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய. சிரிப்புக்கு எவ்வளவு மூச்சு செலவாகும் என்று நாம் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவரிடம் அந்த அளவு இல்லை. சிரிப்பு இருமலாயிற்று; இருமல் வேறொன்றாயிற்று. உதடு கருத்தது. கை என் கையை விட்டது.

நான் கத்தினேன். வாழ்நாளில் நூலகத்தில் பிறரை அடக்கியே பழகிய குரல் அது. என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. "இருக்கோம்! இருக்கோம்!" என்று கத்தினேன் என்று குமார் சொல்கிறான். குழாயைத் திருகினேன், அவர் முதுகைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்தேன், தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மஞ்சைக் கிழித்துக்கொண்டு லாரி ட்யூபும், அதைப் பிடித்தபடி எஸ்டேட் ஆட்கள் இருவரும் வந்தார்கள். அவரை ட்யூபின் மேல் கிடத்தினார்கள். நான் சிலிண்டரைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில், அந்தக் குழாயின் நீளத்துக்கு அப்பால் போகாமல் பின்னாலேயே நடந்தேன்; கால் எட்டாத இடத்தில் என்னையும் இழுத்தார்கள்.

கரையில் கிடத்தி வெகு நேரம் கழித்துத்தான் அவர் உதட்டுக்கு நிறம் வந்தது. அதுவரை அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். தம்பி கண் திறந்ததும் வெடித்தார்.

"எழவெடுத்தவனே! உசுரோட இருந்துட்டு ஒரு சத்தம் குடுக்க மாட்டியாடா? அத்தனை பாட்டும் பாட உட்டுட்டு?"

அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. அண்ணி காதைக் கொண்டுபோனார்.

"பாட்டு நல்லா இருந்துச்சு" என்றார் அவர். "பழந்தான் தப்பு."

"பழத்துக்கென்ன கேடு?"

"செவந்துருச்சில்ல."

அண்ணி நிமிர்ந்து, குட்டையைச் சுற்றி நின்ற செடிகளைப் பார்த்தார். மஞ்சு விலகிக்கொண்டிருந்தது. செடியெல்லாம் செக்கச் செவேலென்றிருந்தது.

அதோடு முடியவில்லை. ஒப்பாரி பாடியவர்கள் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் போகலாமா என்ற பிரச்சினை எழுந்தது. ஆள் சாகவில்லையே என்றாள் ஒருத்தி. "பாடுனா பாடுனதுதான்" என்று அண்ணி தீர்ப்பு சொன்னார். அந்தக் குளிரில் லயன் பெண்கள் அத்தனை பேரும் குழாயடியில் நடுங்கிக்கொண்டு தலைக்கு ஊற்றினார்கள், ரைட்டரைத் திட்டிக்கொண்டே. ஜீப்பில் திரும்பும்போது அண்ணி ஈரத்தலையோடு என் பக்கம் சாய்ந்து, வெகு இரகசியமாகச் சொன்னார்:

"மரம் ஒடிஞ்சிருச்சில்ல கண்ணு? அப்ப படகு இன்னும் முடியல."

நான் தலையாட்டினேன். அத்தனை புத்தகங்கள் படித்த நான், அதை நம்பினேன்.

தை மாதத்தில் அவர் போனார். குட்டையிலிருந்து இழுத்துவந்த படகு முடியாமலேயே கொட்டகையில் கிடந்தது. எங்கள் கோட்பாட்டுக்கு அது எந்த மரியாதையும் செய்யவில்லை.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். குட்டைக் கரையில் நின்ற அதே பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே தொடங்கினார்:

"காப்பிப் பழம் பறிச்ச பின்னே – என் பொறப்பே
கண்ணு மூடிப் போனாயே..."

எனக்குப் பக்கத்திலிருந்த குமார் என் கையை இறுகப் பிடித்தான். எங்களிருவர் தோளும் குலுங்கின. அழுகிறோம் என்று உறவினர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுவும் பொய்யில்லை.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது யாரையாவது அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், "பழம் செவந்துருச்சான்னு பாத்துட்டுப் பேசு" என்று மற்றவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டால் அண்ணிக்கு இன்னும் கோபம் வருகிறது. குமாருக்குக் கல்யாணமாகி அவன் சேலத்திலேயே இருக்கிறான். நாகலூர் வீட்டில் அண்ணியும் நானும் இருக்கிறோம்.